எலி விழுந்த கார்த்திகை

குண்டூர் நாடு, கொல்லிமலை
1923ஆம் வருஷம் ஐப்பசி 5

சேலம் பட்டணத்தில் இருக்கும் மச்சான் காத்தானுக்கு ராசு எழுதிக்கொண்டது. மாரியாயி புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை அத்தாயியும் பையன் அருணாசலமும் சுகமாக இருக்கிறோம். பட்டணத்துத் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா, பழைய இருமல் விட்டதா என்று எழுதுங்கள்.

மலையில் பிறந்தவன் கீழே இறங்கி முனிசிபாலிட்டிக்கு எலி பிடித்துச் சம்பளம் வாங்குகிறானே என்று போன வருஷம் சந்தையில் நாலு பேர் முன்னால் உங்களைக் கேலி செய்தேன். அந்த வாயை இப்போது நானே அடித்துக்கொள்கிறேன். இந்த வருஷம் காட்டில் மூங்கில் பூத்துவிட்டது. மூங்கிலரிசியைக் கூடை கூடையாக அள்ளினோம். நமக்கு முந்தி எலி அள்ளியிருக்கிறது. தின்று கொழுத்து, குட்டி போட்டு, அரிசி தீர்ந்ததும் படையாக ஊருக்குள் இறங்கிவிட்டது. சாமைக் கதிரைத் தாளோடு அறுக்கிறது. குதிருக்கு அடியில் குடைகிறது. அடுப்பங்கரையில் கால் வைத்தால் காலின் மேல் ஓடுகிறது. முந்தாநாள் பையனின் குதிகாலைக் கடித்துவிட்டது. அத்தாயி அன்று முழுக்க அழுதாள்.

"எங்கண்ணனுக்கு எழுதுங்க, அவருக்குத் தெரியாத எலியா" என்கிறாள். காப்பித் தோட்டத்தில் வேலை செய்தபோது கற்ற நாலு எழுத்து இதற்காவது ஆகட்டும். நல்ல மருந்தாகப் பார்த்து அனுப்புங்கள். முள்ளுக்குறிச்சி அர்த்தனாரி கடைக்கு வந்தால் நான் இறங்கி எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய குற்றத்துக்காகப் பணிந்து கேட்கும் ராசு.


சேலம்
ஐப்பசி 16

மாப்பிள்ளை ராசு அவர்களுக்குக் காத்தான் கும்பிட்டு எழுதுவது. என் இருமல் என்னை விட்டுப் போக மனமில்லாமல் இருக்கிறது, மற்றபடி நல்ல சுகம். பையனின் கால் ஆறியதா? மஞ்சள் வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

எலிக்காரன் என்று சொன்னவர் எலிக்காரன் வாசலிலேயே வந்து நிற்கிறீர்கள். காலம் போகிற போக்கைப் பாருங்கள். மருந்துப் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். கம்பு மாவில் பிசைந்து நெல்லிக்காய் அளவு உருட்டி வளை வாயில் வையுங்கள். பையனும் கோழியும் அந்தப் பக்கம் போகக் கூடாது. உருட்டிய கையைச் சாம்பல் போட்டுக் கழுவுங்கள்.

சாமை கொட்டி வைக்கப் பன்னிரண்டு சாக்கும் கட்டியிருக்கிறேன். ஒரு மண்டியில் கழித்துப் போட்டவை. கிழிசல் இல்லை, கெட்டிச் சணல். இரண்டு நாள் வெயிலில் போட்டு உதறித்தான் அனுப்புகிறேன். எந்த மண்டி என்று கேட்க வேண்டாம். தங்கைக்கு அண்ணன் செய்த சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பிளேக் என்று ஒரு காய்ச்சல். அதனால் எங்களுக்கு ஓய்வில்லை. மலைக்காற்றில் அதெல்லாம் அண்டாது, நீங்கள் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மருமகனுக்கு என் முத்தம்.

காத்தான்.


குண்டூர் நாடு
ஐப்பசி 28

மச்சானுக்கு ராசு வணக்கம். நாங்கள் மூவரும் சுகம். பையனின் கால் ஆறி ஓடியாடுகிறான். உங்கள் இருமலுக்குத் தூதுவளை காயவைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பொட்டலமும் சாக்கும் வந்து சேர்ந்தன. பொட்டலத்தைப் பிரிக்கவில்லை, கூரையில் செருகி வைத்திருக்கிறேன். அதற்குள் இங்கே ஊர்க்கூட்டம் நடந்துவிட்டது. "மருந்து வெச்சு எத்தனைய கொல்லுவீங்க? ஆயி கிட்டயே உட்டுருவோம்" என்று பட்டக்காரர் கருப்பண்ணன் சொல்லிவிட்டார். நாட்டுக்குப் பெரியவர் அவர், அவர் சொல்லுக்கு மறுசொல் ஏது? ஐப்பசி இருபத்தைந்தாம் தேதி ஊரே மாரியாயிக்குக் காப்புக் கட்டிக்கொண்டது. வழக்கமாக எட்டு நாள். இந்த முறை ஒரு மண்டலம். காப்பு அவிழ்கிற வரைக்கும் யாரும் எலியைக் கொல்லக் கூடாது, ஊர் எல்லை தாண்டி இராத்தங்கக் கூடாது, எந்த வீட்டிலும் அடுப்பு அணையக் கூடாது, வெளியூரார் உள்ளே வரக் கூடாது. கீழே போனால் பொழுதோடு திரும்பிவிட வேண்டும். உங்களுக்குத் தெரியாததா?

எட்டுச் சாக்கில் சாமை கொட்டினோம். இரண்டைப் பக்கத்து வீட்டுக் கண்ணாயி அத்தை கேட்டு வாங்கிக்கொண்டாள். மீதி இரண்டைப் பிரித்து அத்தாயி பையனுக்குப் படுக்கை தைத்துவிட்டாள். குளிருக்குக் கதகதப்பாக இருக்கிறதாம். "மாமன் சாக்கு" என்று அதை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான்.

இப்படிக்கு ராசு.


சேலம்
கார்த்திகை 6

மாப்பிள்ளைக்குக் காத்தான் எழுதுவது. சுகம். தூதுவளைக் கஷாயம் குடித்தேன். உங்கள் எல்லோருடைய உடம்பும் எப்படி இருக்கிறது? ஒவ்வொருவரையும் பற்றித் தனித்தனியாக எழுதுங்கள்.

காப்புக் கட்டியது நல்லதுதான். நான் கேட்க வந்தது வேறு. சாக்குகளை மறுபடி ஒருமுறை வெயிலில் போட்டீர்களா? போடவில்லை என்றால் நல்ல உச்சி வெயிலில் பாறைமேல் விரித்துப் போடுங்கள். பையனுக்குச் சாக்குப் படுக்கை எதற்கு? சணல் அரிக்கும், கோரைப்பாய் போதும். கண்ணாயி அத்தையிடம் கொடுத்த இரண்டையும் வாங்கிவிட முடியுமா என்று பாருங்கள். வேறு நல்ல சாக்கு நான் அனுப்புகிறேன்.

பையனுக்குத் தெள்ளுப்பூச்சி கடித்த தடிப்பு ஏதாவது உடம்பில் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். இங்கே தெள்ளு அதிகம், அதனால் நினைவு வந்தது.

உடனே பதில் எழுதுங்கள்.

காத்தான்.


குண்டூர் நாடு
கார்த்திகை 14

மச்சானுக்கு. நாங்கள் சுகம் என்று ஒரு வார்த்தையில் சொன்னால் போதாது. ஊரே ஆனந்தமாக இருக்கிறது!

ஆயி கண் திறந்துவிட்டாள். எட்டு நாளாக எலிகள் தானாகச் சாகின்றன. மருந்து இல்லை, பொறி இல்லை. பட்டப்பகலில் வளையை விட்டு வெளியே வந்து, குடித்தவன் மாதிரி தள்ளாடி, நடு முற்றத்தில் விழுந்து சாகின்றன. முதலில் எங்கள் வீட்டில்தான். உங்கள் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு கண்ணாயி அத்தை வீடு, பிறகு தெருவெல்லாம். நேற்று மட்டும் எங்கள் குதிரடியில் இருந்து முப்பத்திரண்டு எலிகளை வாரி எடுத்தேன். "பாத்தீங்களா, பட்டணத்து மருந்து தோத்துப் போச்சு" என்று பட்டக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நானும் சிரித்தேன். மச்சானை விட்டுக்கொடுத்துச் சிரித்ததற்கு மன்னித்துவிடுங்கள்.

செத்த எலிகளைக் கூடையில் சுமந்து கோயில் முன்னால் கொட்டி, பொங்கல் வைத்துக் கும்மியடித்தார்கள். பிள்ளைகள் வாலைப் பிடித்துச் சுழற்றி விளையாடுகிறார்கள். காப்பு முடியும் நாளில் கிடாய் வெட்டு. நீங்கள் அவசியம் வர வேண்டும்.

ஒரே கடிதத்தில் சாக்கு விஷயத்தை நாலு முறை எழுதியிருந்தீர்கள். கொடுத்த சீரைக் குறித்து இவ்வளவு விசாரிக்கிற அண்ணனை நான் பார்த்ததில்லை.

ராசு.


சேலம்
கார்த்திகை 19

மாப்பிள்ளைக்குக் காத்தான். சுகம் விசாரிக்க நேரமில்லை. உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. படித்த கையோடு எழுதுகிறேன்.

எலி தானாகச் செத்தால் அது சாமி செயல் இல்லை, மாப்பிள்ளை. பிளேக் வந்த ஊரில் முதலில் எலி விழும். பத்துப் பதினைந்து நாள் கழித்து மனிதன் விழுவான். எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளு, எலி செத்துக் குளிர்ந்ததும் மனிதன் மேல் ஏறும். இதை நான் இந்தக் கண்ணால் தெருத் தெருவாகப் பார்த்திருக்கிறேன். எலி விழுந்த வீட்டைப் பூட்டி ஜனங்களை ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுக் குடிவைப்பதுதான் இங்கே எங்கள் வேலை.

இந்தக் கடிதம் கண்டதும் அத்தாயியையும் பையனையும் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விடுங்கள். காட்டில் குடிசை போட்டு இருங்கள். செத்த எலியைக் கையால் தொட வேண்டாம். இடுக்கியால் எடுத்து எரியுங்கள். சாக்குகளையும் எரியுங்கள், பையன் படுக்கையை முதலில் எரியுங்கள். ஊர் முழுவதையும் வெளியேறச் சொல்லுங்கள். காப்பு இருக்கட்டும், உயிர் இருந்தால் அடுத்த வருஷம் கட்டிக்கொள்ளலாம்.

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

காத்தான்.


குண்டூர் நாடு
கார்த்திகை 25

மச்சான் காத்தானுக்கு ராசு எழுதுவது. இங்கே மூவரும் சுகம்தான்.

உங்கள் கடிதத்தைப் பட்டக்காரரிடம் வாசித்தேன். "உன்ற மச்சான் கீழ போயி சாமிய மறந்துட்டான். காப்ப அறுத்தா எலி போன வழியில மனுசன் போவான்னு நான் சொல்றேன்" என்றார். எனக்கும் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் பட்டணத்துச் சோறு தின்றவருக்கு நாற்பது வீட்டின் வேண்டுதல் இளப்பமாகப் போய்விட்டதா? கட்டின காப்போடு வீட்டை இருட்டாக்கிவிட்டு முதலில் வெளியேறுகிறவன் நானாக இருந்தால், இந்த நாட்டில் எனக்கு யார் முகம் கொடுப்பார்கள்? உங்களுக்குப் பட்டணம் இருக்கிறது. எனக்கு இந்த ஊர்தான் இருக்கிறது.

எலியை எரிக்கச் சொன்னீர்கள், சரி. நல்ல சாக்கை எரிக்கச் சொல்வானேன்? சாக்குக்கும் காய்ச்சலுக்கும் என்ன? காரணம் எழுதாமல் சுற்றி வளைக்கிறீர்கள்.

கண்ணாயி அத்தைக்கு நாலு நாளாகக் காய்ச்சல். தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவு நெறி கட்டியிருக்கிறது. விறகு சுமந்து மேடேறியதால் வந்திருக்கும் என்று பச்சிலை அரைத்துக் கட்டியிருக்கிறார்கள். அவள் மகளுக்கும் நேற்று முதல் தலைவலி.

இந்தக் கடிதத்தைக் கோபத்தில் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ராசு.


சேலம்
கார்த்திகை 28

மாப்பிள்ளைக்கு. இதை முழுக்கப் படியுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள்.

அந்தச் சாக்குகள் பிளேக் விழுந்த மண்டியில் இருந்தவை. அங்கே மூட்டைக்கு நடுவில் எழுபது எலி செத்துக் கிடந்தது. சாக்குகளை எரித்துவிடு என்று எங்கள் முனிசிபாலிட்டி டாக்டர் என்னிடம்தான் ஒப்படைத்தார். நான் எரிக்கவில்லை. கிழிசல் இல்லாத சாக்கை நெருப்பில் போட மனம் வரவில்லை. மலையில் ஒரு சாக்குக்கு எவ்வளவு அலைய வேண்டும் என்று அறிந்தவன் நான். என் தங்கை வீட்டில் சாமை நனையாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். வெயிலில் போட்டால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிளேக்குக்கும் எலிக்கும் உள்ள சம்பந்தத்தை உங்களிடம் சொல்லாமல் மறைத்ததும் நான்தான். சொன்னால் என்னை வீட்டுக்குள் விடமாட்டீர்கள் என்று பயம்.

கண்ணாயி அத்தைக்கு வந்திருப்பது பிளேக். நான் கட்டி அனுப்பியது. மாரியாயி எதுவும் செய்யவில்லை, நான் செய்தேன்.

இந்தக் கடிதத்தைக் கோயில் முன்னால் ஊர் கூட்டி வாசியுங்கள். என் பெயரைச் சொல்லி வாசியுங்கள். சாமியின் மேல் இருக்கிற நம்பிக்கையை டாக்டர் சொல்லி மாற்ற முடியாது. நம் ஊர்க்காரன் ஒருவன் செய்த தப்பு என்று கேட்டால்தான் நம்புவார்கள். என்னை நாட்டை விட்டு ஒதுக்குவார்கள் என்று தெரியும். ஒதுக்கட்டும். வாசித்த அன்றே காப்பை அறுத்து வெளியேறட்டும்.

நாளை டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன். வேலை போகும், ஜெயிலும் வரலாம். அதற்கு முன்னால் ஊசி மருந்தோடு அவரை மலைக்கு அழைத்து வருகிறேன்.

வாசியுங்கள். வாசியுங்கள்.

காத்தான்.


முள்ளுக்குறிச்சி, அர்த்தனாரி கடை
மார்கழி 5

மாப்பிள்ளைக்கு. என் கடிதத்தை மார்கழி முதல் தேதியே உங்கள் கையில் கொடுத்ததாக அர்த்தனாரி சொல்கிறார். வாங்கிப் படித்துவிட்டு, மடியில் செருகிக்கொண்டு மேலே ஏறினீர்களாம். நாலு நாள் ஆகிவிட்டது.

டாக்டர் நேற்று எல்லை வரைக்கும் ஏறினார். காப்புக் கட்டிய ஊருக்குள் வெளியார் வரக் கூடாது என்று தடியோடு நின்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் நீங்கள் இன்னும் வாசிக்கவில்லை. ஏன்? நான் பக்கத்தில் வந்தால் என் துணியில் எது ஒட்டியிருக்குமோ என்று பயந்து அடிவாரத்திலேயே கிடக்கிறேன். மேலே பார்த்தால் புகை தெரிகிறது. அது சமையல் புகையா, சுடுகாட்டுப் புகையா என்று தெரியவில்லை.

அத்தாயி எப்படி இருக்கிறாள்? பையன் எப்படி இருக்கிறான்? ஒரு வரி போதும். உப்பு வாங்க இறங்குகிறவர் யாரிடமாவது வாயால் சொல்லி அனுப்பினாலும் போதும். அவர்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் உயிரோடு இருந்து என்ன செய்யப் போகிறேன்?

காத்தான்.


முள்ளுக்குறிச்சி
1924ஆம் வருஷம் தை 9

அண்ணனுக்கு அத்தாயி சொல்ல, கடைக்கார அர்த்தனாரி எழுதியது. நானும் அருணாசலமும் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் டாக்டரோடு திரும்பிப் போய்ச் சேலத்தில் காவலில் இருந்ததாகவும், இப்போது வெளியே விட்டுவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். நான் சொல்வதை ஒரு சொல் மாற்றாமல் எழுத வேண்டும் என்று இவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று என் வீட்டுக்காரரிடம், "எங்கண்ணன் என்னங்க எழுதியிருக்குது?" என்று கேட்டேன். "சுகமா இருக்குதாம்" என்று மட்டும் சொன்னார். அன்று பொழுது சாய்வதற்குள் சாக்குகளைப் பாறைமேல் போட்டு எரித்தார். என்னையும் பையனையும் சாமைக் காட்டுக் காவல் குடிசைக்கு அனுப்பினார். அது எல்லைக்குள்ளே இருப்பதால் காப்புக்குப் பங்கமில்லை. "நீங்களும் வாங்க" என்றேன். "ஆராச்சும் ஒருத்தரு ஊட்டுல அடுப்பு எரிய உடோணுமில்ல" என்றார். எலி விழுந்த வீட்டில் அவர் மட்டும் படுத்தார்.

நாலு நாள் கடிதத்தை மடியிலேயே வைத்திருந்தார். வாசித்தால் உங்களை ஒதுக்குவார்கள், அண்ணன் இல்லாதவளாக நான் நிற்பேன் என்று நினைத்தாராம். அந்த நாலு நாளில் கண்ணாயி அத்தையும் அவள் மகளும் அந்த மகளின் கைக்குழந்தையும் போனார்கள். ஐந்தாம் நாள் அவருக்கே காய்ச்சல் வந்தது. அக்குளில் நெறி கட்டியது. அதற்குப் பிறகுதான் கோயில் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து, ஊரைக் கூப்பிட்டு வாசித்தார். உங்கள் பெயரை அவர் விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. நாலு நாள் தாமதித்ததையும் தன் வாயாலேயே சேர்த்துச் சொன்னார். நானும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

பட்டக்காரர் எழுந்து போய் ஆயி முன்னால் தன் காப்பை முதலில் அறுத்தார். "பாவம் என்ற தலையில வரட்டும், நீங்க போங்க சாமி" என்று சொல்லி அழுதார். அன்றே நாற்பது வீட்டிலும் அடுப்பு அணைந்தது. டாக்டர் வந்து ஊசி போட்டார். அதற்குப் பிறகு செத்தது இரண்டே பேர். அதில் ஒருவர் அவர். மார்கழி எட்டாம் தேதி, எங்கள் குடிசைக்கு வெளியே. பையனைக் கிட்டே விடக் கூடாது என்று கையை ஆட்டிக்கொண்டே போனார்.

நாடு உங்களை ஒதுக்கிவிட்டது. உங்கள் கையால் தண்ணீர் வாங்குகிறவரையும் ஒதுக்கும். எனக்கு அண்ணன் போட வேண்டிய கோடித்துணியை நம் பங்காளி சின்னையன் போட்டார். நான் வாங்கிக்கொண்டேன். இதைக் கேட்டு உங்களுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஆறும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அவர் மேலும் ஆத்திரம் வருகிறது, அதை யாரிடம் சொல்வேன்?

ஆனால் ஒன்று, அண்ணா. மாசி மாதம் பையனுக்குக் காது குத்த வேண்டும். கோடியைப் பங்காளி போடலாம், காது குத்தத் தாய்மாமன் மடிதான் வேண்டும். அவனுக்கு வேறு மாமன் இல்லை. மாசி பத்தாம் தேதி அவனைக் கூட்டிக்கொண்டு இந்தக் கடைக்கே இறங்கி வாரேன். நாடு என்னையும் ஒதுக்கினால் ஒதுக்கட்டும்.

செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று நீங்கள் அர்த்தனாரியிடம் சொன்னீர்களாம். அப்படிச் செய்ய உங்களுக்கு உரிமை இல்லை. எங்கப்பன் எப்படிச் செத்தான் என்று இவன் பெரியவனாகி ஒரு நாள் கேட்பான். நான் பதில் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் உயிரோடு இருங்கள்.

அத்தாயி.